செட்டிநாட்டு முட்காடுகளிலும் கண்மாய்களிலும் பறவை பார்க்க: ஒரு முழுமையான வழிகாட்டி

செட்டிநாட்டுக்குப் பறவை பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் தவறுகிறார்கள். காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு ஒன்பது மணிக்குக் கண்மாய்க் கரையில் இறங்குகிறார்கள். நடந்துகொண்டே இருந்தால் ஏதாவது தென்படும் என்று நம்பி முட்காட்டுக்குள் அலைகிறார்கள். பதினொரு மணிக்கு வெயில் தாங்காமல் திரும்பி, 'ஒன்றுமே இல்லை' என்கிறார்கள். அவர்கள் நின்ற இடத்திலேயே மூன்று மணி நேரத்துக்கு முன்னால் நாற்பது வகைப் பறவைகள் இருந்திருக்கும்.

இது வறண்ட நிலம். தண்ணீர் எங்கே, வெயில் எப்போது ஏறும் என்ற இரண்டை வைத்துத்தான் இங்கே உயிர்கள் நடமாடுகின்றன. நம் பயணத்தையும் அதே வரிசையில் அமைக்க வேண்டும். கீழே உள்ள படிகளின் வரிசையை மாற்றாதீர்கள்.

1. மழையை விசாரித்த பிறகு தேதி குறியுங்கள்

பள்ளி விடுமுறையைப் பார்த்துத் தேதி குறித்துவிட்டு, பிறகு மழையைப் பற்றிக் கேட்பது முதல் பிழை. இங்குள்ள ஆறுகள் மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் காண்பவை. மற்ற நாட்களில் கண்மாயும் ஊருணியும்தான் நீர். அவற்றை நிரப்புவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழை. அது பொய்த்தால் நீர்ப்பறவைகளும் வருவதில்லை.

காரணம் தாகம் மட்டுமல்ல. நாரைகளும் கொக்குகளும் கண்மாய் உள்வாயில் (கரைக்கு உட்புறம் நீர் தேங்கும் பரப்பில்) நிற்கும் கருவேல மரங்களில் கூடு கட்டுகின்றன. அடிமரம் தண்ணீரில் நின்றால்தான் பூனையும் கீரியும் முட்டை தேடி ஏறிவர முடியாது. தண்ணீர் இல்லாத மரம் அவற்றுக்குப் பாதுகாப்பில்லாத மரம்.

ஆகவே புறப்படுவதற்கு முன் உள்ளூரில் யாரையாவது பிடித்து, 'கண்மாய் நிரம்பியதா, கலுங்கு பாய்ந்ததா?' என்று கேளுங்கள். கலுங்கு என்பது கண்மாய் நிரம்பியபின் மிகுநீர் வழியும் இடம். தங்கப்போகும் விடுதிக்காரரோ ஆட்டோ ஓட்டுநரோ கூடச் சொல்லிவிடுவார். கலுங்கு பாய்ந்த வருடம் என்றால் நவம்பர் முதல் பிப்ரவரி வரை எப்போது வந்தாலும் ஏமாற்றம் இருக்காது. ஜனவரிக் கடைசியில் வந்தால் கூட்டில் குஞ்சுகளையும் பார்க்கலாம்.

நிலப்பறவைகளுக்குக் கணக்கு வேறு. அக்டோபரில் வலசைப் பறவைகள் வந்து இறங்கும். மார்ச், ஏப்ரலில் நீர் சுண்டும்போது மிச்சமிருக்கும் குட்டைகளைச் சுற்றி எல்லா உயிர்களும் ஒன்றுகூடும். வெயிலைத் தாங்குகிறவர்களுக்கு அதுவும் நல்ல காலம்தான்.

தவிர்க்க வேண்டிய நாட்களும் உண்டு. தை மூன்றாம் நாள் சிராவயல் மஞ்சுவிரட்டு. அன்று காரைக்குடி–திருப்பத்தூர் (சிவகங்கை மாவட்டம்) சாலையில் வண்டி நகராது. தைப்பூசத்தை ஒட்டிக் குன்றக்குடியிலிருந்து பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் இரவிலும் சாலையில் நடப்பார்கள். விடியலுக்கு முன் வண்டி ஓட்டுகிறவர்கள் மிகவும் மெதுவாகப் போக வேண்டும். நீர் வற்றும் மாதங்களில் மீன்பிடித் திருவிழா நடக்கும் கண்மாய்க்கு அன்று பறவை பார்க்கப் போகாதீர்கள். ஊரே கச்சா, ஊத்தா போன்ற மீன்பிடி கருவிகளோடு தண்ணீரில் இறங்கியிருக்கும்.

2. ஒரு நாளைக்கு இரண்டு இடங்கள் போதும்

ஒருமுறை வெளியூரிலிருந்து வந்த குழு ஒன்றுக்கு வழிகாட்டப் போனேன். ஒரே நாளில் ஐந்து இடங்களை எழுதிவைத்திருந்தார்கள். மூன்றாவது இடத்துக்குப் போகும்போதே மணி பத்தரை. அன்று அவர்கள் அதிக நேரம் பார்த்தது காரின் முன்கண்ணாடியைத்தான். பறவைகள் நன்றாகத் தெரியும் நேரம் விடிந்து மூன்று மணியும் அந்திக்கு முன் இரண்டு மணியும் மட்டுமே. அதைச் சாலையில் செலவழிக்கக் கூடாது.

காரைக்குடியிலோ திருப்பத்தூரிலோ தங்குங்கள். காலைக்கு ஒரு கண்மாயும் அதை ஒட்டிய முட்காடும், மாலைக்கு ஒரு கோயில் காடோ பாறைக் குன்றோ என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

முதல்முறை வருகிறவர்கள் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தில் தொடங்குவதே நல்லது. திருப்பத்தூரிலிருந்து மேலூர் போகும் சாலையில் வரும். பெரிய கொள்ளுகுடிப்பட்டி, சின்னக் கொள்ளுகுடிப்பட்டி, வேட்டங்குடி ஆகிய மூன்று கண்மாய்களும் சேர்ந்து 38.4 ஹெக்டேர். 1977-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இங்குள்ள பறவைகள் மனிதரைக் கண்டு பழகியவை என்பதால், புதியவர்கள் கண்ணைப் பழக்கிக்கொள்ள ஏற்ற இடம்.

முட்காட்டுக்குக் காரைக்குடி–தேவகோட்டை இடையே அமராவதிபுதூரை ஒட்டிய சங்கரபதிக் கோட்டைப் பக்கம் போகலாம். பாறையும் கண்மாயும் சேர்ந்த இடம் வேண்டும் என்றால் திருமயம். மதுரைக்குத் திரும்புகிறவர்கள் மேலூர் அருகே அரிட்டாபட்டிக்கு ஒரு காலைப்பொழுதை ஒதுக்கலாம். 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அந்தக் குன்றுகளில் லகர் வல்லூறு போன்ற வேட்டைப் பறவைகள் வாழ்கின்றன.

3. காட்டுக்குள் போகும் முன் இருவரிடம் கேளுங்கள்

ஒருவர் வனத்துறைக்காரர். வேலியும் இல்லை, பலகையும் இல்லை என்பதால் புறம்போக்கு என்று நினைத்துவிட வேண்டாம். முட்காட்டின் பல பகுதிகள் காப்புக் காடுகள். அனுமதியின்றி நுழைவது குற்றம். முந்தைய நாளே வனச்சரக அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். சரணாலயத்துக்குள் டிரோன் பறக்கவிடும் எண்ணம் இருந்தால் அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

இன்னொருவர் ஊர்க்காரர். கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் பறவைகள் மிரண்டுவிடும் என்பதற்காகத் தலைமுறை தலைமுறையாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பட்டாசைத் தொடாமல் பிள்ளைகளை வளர்த்த ஊர் அது. அங்கே போய்க் காரை நிறுத்திவிட்டுக் கதவைப் படாரென்று சாத்துவதையும், பாட்டை அலறவிடுவதையும் நான் பார்த்திருக்கிறேன். மனம் கொதிக்கிறது. வண்டியை ஊருக்கு வெளியிலேயே நிறுத்துங்கள். எதிர்ப்படுகிற பெரியவரிடம், 'ஐயா, பறவை பார்க்க வந்திருக்கிறோம், எந்தப் பக்கம் போகலாம்?' என்று கேளுங்கள். எந்த மரத்தில் எது அடைகிறது என்பதை உங்கள் கைப்பேசிச் செயலியைவிட அவர் சரியாகச் சொல்வார்.

கோயில் காடு என்றால் இன்னும் கவனம் வேண்டும். அய்யனார் கோயில்களைச் சுற்றி மண் குதிரைகள் நிற்கும் அந்தத் தோப்புகளில் ஒரு சுள்ளியைக்கூட ஒடிக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு பல ஊர்களில் இன்றும் இருக்கிறது. வீரை, உலக்கைப்பாலை, காசான் போன்ற பழைய மரங்கள் அதனால்தான் மிஞ்சியிருக்கின்றன. செருப்பை எங்கே கழற்ற வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். படம் எடுக்கலாமா என்றும் கேளுங்கள்.

4. எடுத்துச்செல்ல வேண்டியவை

பைனாகுலர் இல்லாமல் வராதீர்கள். கேமராவை மட்டும் கொண்டு வருகிறவர்கள் படம் எடுக்கிறார்கள், பறவையைப் பார்ப்பதில்லை. 8×42 அளவு போதும். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது எண் முன்கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். பெருக்கம் கூடினால் நல்லது என்று நினைத்துப் பலர் 12 அல்லது 16 மடங்கு வாங்கிவிடுகிறார்கள். கை நடுக்கமும் அதே மடங்கு பெரிதாகும், புதருக்குள் குதிக்கும் சிட்டைப் பிடிக்கவே முடியாது.

உடை மண் நிறத்திலோ மங்கிய பச்சையிலோ இருக்கட்டும். வெள்ளையும் சிவப்பும் வேண்டாம். முழுக்கை, முழுக்கால் அவசியம். சூரையும் காரையும் தொட்டால் விடாத முட்கள். காலுக்குக் கணுக்கால் மூடிய, அடி தடித்த ஷூ. ரப்பர் செருப்பைச் சீமைக் கருவேல முள் ஒரே குத்தில் துளைத்து மறுபக்கம் வந்துவிடும்.

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, சிறு குறிப்பேடு, பென்சில். நாம் புறப்படும் நேரத்தில் எந்தக் கடையும் திறந்திருக்காது. முந்தைய இரவே இட்லியோ பணியாரமோ பொட்டலம் கட்டச் சொல்லிவிடுங்கள். சென்ட் பூசிக்கொள்ள வேண்டாம். அதற்கான காரணத்தைப் பத்தாவது படியில் சொல்கிறேன்.

5. விடியல்: கரையின் எந்தப் பக்கம் நிற்பது

ஜனவரியில் ஆறரை மணியை ஒட்டித்தான் சூரியன் எழும். நீங்கள் ஆறு மணிக்கே கரையில் இருக்க வேண்டும். இரவெல்லாம் இரை தேடிய வக்காக்கள் (இராக்கொக்குகள்) மரத்துக்குத் திரும்புவதும், மரத்தில் அடைந்த நாரைகளும் அரிவாள்மூக்கன்களும் இரைக்குக் கிளம்புவதும் அந்த அரைமணியில்தான். அதைத் தவறவிட்டால் பாதிக் கூட்டம் ஏற்கெனவே வயலுக்குப் போயிருக்கும்.

எங்கே நிற்பது? இந்த வட்டாரத்தில் நிலம் மேற்கிலிருந்து கிழக்கே சரிகிறது. அதனால் கண்மாய்க் கரை பெரும்பாலும் கிழக்கிலோ தென்கிழக்கிலோ வளைந்திருக்கும், உள்வாய் மேற்கே விரியும். காலையில் கரைமேல் நின்றால் வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்து பறவையின்மேல் விழும், நிறம் தெளிவாகத் தெரியும். மாலையில் அதே இடத்தில் நின்றால் எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும். காலையில் கரை, மாலையில் மேற்குப்புறம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் கரையின் உச்சியில் நிமிர்ந்து நிற்காதீர்கள். வானத்தின் பின்னணியில் மனித உருவம் தெரிந்தால் வாத்துகள் நடு நீருக்குப் போய்விடும். சரிவில் ஒரு பனையையோ மடையின் கட்டையோ ஒட்டி உட்காருங்கள். இருபது நிமிடம் அசையாமல் இருங்கள். முதல் பத்து நிமிடம் எதுவும் நடக்காதது போலத் தோன்றும், புதியவர்கள் அப்போதுதான் எழுந்துவிடுகிறார்கள். அடுத்த பத்து நிமிடத்தில் முக்குளிப்பான் கைக்கெட்டும் தூரத்தில் எழும்.

முதலில் பெரியவற்றை அடையாளம் காணுங்கள். மஞ்சள் அலகும் முதுகில் இளஞ்சிவப்புச் சாயலும் சங்குவளை நாரைக்கு. அலகு மூடியிருந்தாலும் நடுவே இடைவெளி தெரிந்தால் நத்தைகுத்தி நாரை. அது வரப்போரம் இறங்கியதும் பைனாகுலரை எடுக்காமல் பாருங்கள். சேற்றில் அலகைத் துழாவி நத்தையை எடுத்து, ஓட்டை உடைக்காமலே தசையை மட்டும் உருவி விழுங்கிவிடும். அது நின்ற இடத்தில் முழு ஓடுகள் காலியாகக் கிடக்கும். கரண்டிவாயன் தலையைப் பக்கவாட்டில் ஆட்டி ஆட்டி நீரைத் துழாவும். பாம்புத்தாரா கழுத்தை மட்டும் வெளியே நீட்டி நீந்தும், பிறகு மொட்டை மரத்தில் சிறகை விரித்து உலர்த்தும். இவை பழகிய பிறகு ஊசிவால் வாத்து, நீலச்சிறகி என்று நீரில் தொலைவில் மிதப்பவற்றுக்குப் போங்கள். சிறியதில் தொடங்கினால் குழப்பமே மிஞ்சும்.

6. ஏழரை மணிக்கு முட்காடு

வெயில் புதர்களின் உச்சியைத் தொட்டதும் பூச்சிகள் எழும், பூச்சியுண்ணிகளும் எழும். அதனால்தான் கண்மாய் முதலில், காடு பிறகு. விடிந்ததும் நேரே காட்டுக்குப் போனால் பனியில் நனைந்த இலைகளைத்தான் பார்ப்பீர்கள்.

மாட்டுப் பாதையிலேயே நடங்கள். ஆடு மாடு நடந்த தடத்தில் முள் குறைவு, பாம்பும் கண்ணில் படும். மாடு கிளப்பிவிடும் பூச்சிக்காகக் கரிச்சானும் உண்ணிக்கொக்கும் கூடவே வரும். மேய்ச்சல் மாடுகளைக் கண்டால் அவற்றுக்கு முன்னால் போகாமல் பக்கவாட்டில் நில்லுங்கள்.

பத்தடி நடந்து இரண்டு நிமிடம் நிற்பது என்பது இங்கே சரியான வேகம். கண்ணுக்கு முன் காது வேலை செய்ய வேண்டும். 'டொங்க் டொங்க்' என்று செம்பைத் தட்டுவது போலக் கேட்டால் செம்மார்புக் குக்குறுவான், ஆலமரத்தின் பழமுள்ள கிளையைப் பாருங்கள். தவிட்டுக்குருவிக் கூட்டம் ஒரேயடியாகக் கத்தினால் அருகில் வல்லூறோ பாம்போ இருக்கிறது. அந்தச் சத்தத்தை நோக்கி ஓடாமல், அவை எந்தத் திசையைப் பார்த்துக் கத்துகின்றன என்று கவனியுங்கள். மின்கம்பியில் தவிட்டு நிறத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும் பறவையை யாரும் மதிப்பதில்லை. அது சிறகை விரித்துப் பறக்கும்போதுதான் நீலம் தெரியும், அது பனங்காடை.

பறவையின் குரலைக் கைப்பேசியில் ஒலிக்கவிட்டு வரவழைக்காதீர்கள். இதில் எனக்கு விட்டுக்கொடுக்கும் எண்ணமே இல்லை. தன் எல்லைக்குள் இன்னொரு ஆண் வந்துவிட்டது என்று அது பதறி வரும். இரை தேட வேண்டிய குளிர்ந்த இரண்டு மணியை இல்லாத எதிரியைத் தேடிக் கழிக்கும்.

7. செம்மண் பொட்டலில் கால் வைக்கும் முன்

மார்ச் முதல் ஜூலை வரை வருகிறவர்களுக்கு இது முக்கியமான படி. மஞ்சள்மூக்கு ஆள்காட்டி கூடு கட்டுவதில்லை. வெட்டவெளியில், சரளைக் கற்களுக்கு நடுவே சிறு பள்ளம் பறித்து நான்கு முட்டைகள் இடும். முட்டையின் நிறமும் புள்ளியும் செம்புரைக்கல் துண்டு போலவே இருக்கும். போன ஆண்டு என் காலுக்கு ஒரு முழத் தொலைவில் அந்த நான்கையும் கண்டேன். குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்த பிறகு மீண்டும் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த இடத்திலிருந்து வந்த தடத்திலேயே ஒவ்வோர் அடியாகப் பின்வாங்கினேன்.

தலைக்குமேல் ஆள்காட்டி சுற்றிச் சுற்றிக் கத்தினால், அருகில் முட்டையோ குஞ்சோ இருக்கிறது என்று பொருள். நின்ற இடத்திலேயே நின்று தரையைப் பார்த்து, வந்த வழியே திரும்புங்கள். அங்கேயே தங்கினால் முட்டை வெயிலில் வெந்துவிடலாம். தாய்ப்பறவை அடைகாப்பது சூடேற்ற மட்டுமல்ல, பகலில் நிழல் கொடுக்கவும்தான். நண்பகலில் அது குட்டைக்கு ஓடி வயிற்று இறகை நனைத்துக்கொண்டு வந்து முட்டைமேல் அமரும். நீங்கள் நிற்கும்வரை அது திரும்பி வராது.

இன்னொன்றும் உண்டு. நீங்கள் எங்கே குனிகிறீர்கள் என்று காகம் பார்த்துக்கொண்டிருக்கிறது. மரத்திலுள்ள கூடுகளுக்கும் இதே விதிதான். கூட்டைப் படம் எடுக்க ஒரு கிளையை ஒதுக்கினாலே போதும், காகத்துக்கு வழி காட்டிவிட்டீர்கள்.

8. நடுப்பகல்

பத்தரை முதல் மூன்று வரை காட்டை விட்டு வந்துவிடுங்கள். சாப்பிட்டுத் தூங்கலாம். தூக்கம் வராதவர்கள் கானாடுகாத்தான், பள்ளத்தூர்த் தெருக்களில் நடந்து, பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளின் மாடங்களை அண்ணாந்து பார்க்கலாம். உழவாரன்கள் (தகைவிலான் போன்ற, வேகமாகப் பறக்கும் சிறு பறவைகள்) அங்கே கூடு வைத்திருக்கும். ஆளில்லாத வீட்டின் சுவரடியில் எலி முடியும் எலும்பும் உருண்டையாகக் கிடந்தால், மேலே கூகை (வெண்முக ஆந்தை) அடைகிறது.

9. மாலை, பிறகு அரை மணி இருட்டு

மாலை நான்கு மணிக்குக் கோயில் காட்டின் ஓரத்தில், ஏதாவது சிறு நீர்ப்பிடிப்பு தெரியும்படி உட்காருங்கள். உள்ளே நுழைய வேண்டாம். அந்தக் காட்டுக்குள் நிழல் சீக்கிரம் கவிந்துவிடும், பறவைகளே விளிம்புக்கு வரும். வெள்ளை நாடா போன்ற வாலோடு அரசவால் ஈப்பிடிப்பான் நீரில் முக்கி எழுவதை நான் அதிகம் பார்த்தது இப்படி உட்கார்ந்த மாலைகளில்தான்.

குளிர்மாதங்களில் ஆறு மணியை ஒட்டி, தரையோரமிருந்து இரண்டு சுரத்தில் ஒரு சீழ்க்கை கேட்கும். ஆறுமணிக்குருவி. விடியலிலும் அந்தியிலும் அந்த நேரத்தில் கூவுவதால் இந்தப் பெயர். சருகைக் கிளறி இரை தேடும் பறவை அது. கிளையில் தேடாமல் தரையில் தேடுங்கள்.

இருட்டிய பிறகு அரை மணி நேரம் மண்பாதையில் மெதுவாக நடக்கலாம். பக்கி என்னும் இராப்பறவை பாதையின் நடுவிலேயே உட்கார்ந்திருக்கும். டார்ச் ஒளியில் கண் கனல் போல் மின்னும். டார்ச் முகப்பில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிக்கொள்ளுங்கள். வெள்ளை வெளிச்சம் இராப்பறவைகளின் கண்ணைக் கூசவைத்துச் சற்று நேரம் குருடாக்கிவிடும். முயலும் நரியும் மரநாயும் குறுக்கே போகலாம். சிங்கம்புணரி, பிரான்மலைப் பக்கம் புள்ளிமான்கள் சாலையைக் கடக்கும். திரும்பும்போது வண்டி நாற்பதைத் தாண்ட வேண்டாம்.

10. ஆபத்துகள்

கண்ணாடிவிரியனும் சுருட்டைவிரியனும் இந்த நிலத்துப் பாம்புகள். சருகு, கல்லிடுக்கு, கரையின் எலிவளை எதிலும் கையை வைக்காதீர்கள். கடித்துவிட்டால் கயிறு கட்டுவதும் கீறுவதும் வேண்டாம். கடிபட்டவரை நடக்க விடாமல் 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் மூன்று ஊர்களிலும் அரசு மருத்துவமனை உண்டு.

பாம்பைவிட அதிகம் பேரை விரட்டியது மலைத்தேனீ. ஆலமரக் கிளையிலும் பாறை இடுக்கிலும் கறுப்பாகத் தொங்கும் அடைகளைக் கண்டால் அந்தப் பக்கமே போக வேண்டாம். சென்ட் வாசனையும் புகையும் அவற்றைக் கிளப்பிவிடும்.

கரையோரம் கெட்டியாகத் தெரியும் சேற்றில் படம் எடுக்க இறங்காதீர்கள். மண் அள்ளிய பள்ளங்கள் நீருக்கடியில் இருக்கும்.

11. அன்றைக்கே எழுதிவிடுங்கள்

இரவு படுப்பதற்கு முன் இடம், நேரம், பறவை, எண்ணிக்கை நான்கையும் குறியுங்கள். அடையாளம் தெரியாததைத் தெரிந்தது போல எழுதாமல், அலகு, கால், வால் எப்படி இருந்தன என்று எழுதுங்கள். பறவைப் பட்டியல்களைப் பகிரும் ஈபேர்ட் (eBird) செயலியில் பதிவிட்டால் நம் பட்டியல் மற்றவர்களுக்கும் பயன்படும். பொங்கலை ஒட்டி வருகிறவர்கள் 2015 முதல் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் கலந்துகொள்ளலாம். ஓரிடத்தில் குறைந்தது பதினைந்து நிமிடம் நின்று எண்ணினால் போதும். கூடு இருக்கும் இடத்தையும் கூகை அடையும் வீட்டையும் மட்டும் பொதுவில் எழுதாதீர்கள்.

அக்டோபர், நவம்பரில் தங்குகிறவர்களுக்கு ஒன்று. வலசை வந்த களைப்பில் ஆறுமணிக்குருவி சில சமயம் வீட்டுக்குள் விழுந்துவிடும். எங்கள் வீட்டு வளவிலேயே (உள்முற்றத்திலேயே) ஒரு விடியலில் ஆத்தங்குடித் தரை ஓட்டின்மேல், பச்சையும் நீலமும் அடிவயிற்றில் சிவப்புமாக, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தது. தண்ணீரை வாயில் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலில் இறங்கிவிடும். துளையிட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து உள்ளே வைத்து, இருட்டான அமைதியான இடத்தில் வைத்துவிடுங்கள். பூனையைக் கட்டுங்கள். இரண்டு மூன்று மணி கழித்துத் தோட்டத்துப் புதரடியில் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு விலகி நில்லுங்கள். பறக்க முடியவில்லை என்றால் வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள். எங்கள் வீட்டில் விழுந்தது பதினொரு மணிக்குப் பெட்டியின் விளிம்பில் ஏறி நின்று, வாலை இரண்டு முறை ஆட்டிவிட்டு, மாதுளைச் செடியின் அடியில் சருகைக் கிளறத் தொடங்கியது.